பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் மீன்
சமன், ட்றவுட் மீன்களைத் தூண்டிலிற் பிடிப்பது பற்றிய ஒரு பாடம்



‘சமன் ரின்’ என்ற சொல் நம் எல்லோருக்கும் பழக்கமானது. முகாமில் அடுப்பு மூட்ட விறகு தேடிய நாட்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே கறியாக இருந்தது. ஆனால் நமது கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் மக்கரல் போன்ற வேறு மீனே. உண்மையான சமன் மீனை நம்மில் பலர் கண்டதில்லை. அது குளிர்நாட்டு மீன். அதன் நெருங்கிய உறவினமான ட்றவுட் மட்டும், ஆங்கிலேயர் காலத்தில் மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்டு, இன்றும் ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் வாழ்கின்றது.

அப்படியானால் இந்தப் பாடம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நமது பிள்ளைகளும் சகோதரர்களும் ஆயிரக்கணக்கில் கனடாவில் வாழ்கின்றனர். குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் அங்கும் தூண்டில் போடுகின்றனர். ஆனால் அங்குள்ள நீர் வேறு, மீன் வேறு, சட்டம் வேறு, ஆபத்தும் வேறு. இரண்டாவது, இந்த மீனின் வாழ்க்கை மண்ணையும் நீரையும் நம்பி வாழும் எவருக்கும் ஒரு பாடம்.

1. முதலில் மீனை அறிவோம்

சமனும் ட்றவுட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அத்திலாந்திக் கடற்பக்கத்துக்கு ஓர் இனச் சமன் உண்டு. வட அமெரிக்காவின் பசுபிக் கரையில் சினூக், கோஹோ, சொக்கை, பிங்க், சம் என ஐந்து இனங்கள் உண்டு. இவற்றுள் சினூக்கே மிகப் பெரியது. ட்றவுட்டில் பழுப்பு ட்றவுட், வானவில் ட்றவுட் என்பன பெயர் பெற்றவை.

சமன் நன்னீர் ஆற்றிலே பிறக்கின்றது. பெண் மீன் தன் வாலால் அடித்துப் பரற்கற்களுக்கு இடையே பள்ளம் செய்து முட்டை இடும். அந்தக் கற்களின் இடையே சுத்தமான குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருந்தாற்றான் முட்டை பொரிக்கும். சேறு வந்து படிந்தால் முட்டைகள் மூச்சடைத்து இறக்கும். குஞ்சு வளர்ந்ததும் கடலுக்கு அல்லது பெரும் ஏரிக்குச் சென்று, அங்கே சில ஆண்டுகள் இரை தேடிக் கொழுத்து, பின் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பசுபிக் சமன் முட்டை இட்டதும் இறந்துவிடும். அத்திலாந்திக் சமன் சில வேளைகளில் உயிர் தப்பி மீண்டும் கடலுக்குப் போகும்.

இவ்வளவு தூரம் போன மீன் வழியை எப்படி அறிகின்றது? அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் ஹாஸ்லரும் அவரது மாணவரும் இதனை ஆராய்ந்தனர். குஞ்சாக இருக்கும்போது தன் ஆற்று நீரின் மணத்தை மீன் மனதிற் பதித்துக் கொள்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1970களில் மிச்சிகன் ஏரியில் அவர்கள் இதனைச் சோதித்தனர். குஞ்சுகளை ஒருவகை மணப்பொருள் கலந்த நீரில் வளர்த்து ஏரியில் விட்டனர். பின்னர் அதே மணப்பொருளை ஓர் ஓடையிற் கலந்தபோது, வளர்ந்த மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன.

தூண்டில் போடுபவர் நினைவில் வைக்க வேண்டியது வெப்பநிலை. ட்றவுட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான நீர் உகந்தது. 20 பாகையைத் தாண்டினால் அது களைத்துப் போகும். நீர் சூடாகும்போது அதிலுள்ள ஒட்சிசன் குறைவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே மீன் எங்கே என்று தேடுவதற்கு முன், குளிர்ந்த நீர் எங்கே என்று தேட வேண்டும்.

2. ஆற்றில் ட்றவுட் பிடித்தல்

ஓடும் ஆற்றில் ட்றவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆனால் முழு வேகத்தில் ஓடும் நீரில் நின்று தன் பலத்தை வீணாக்காது. பெரிய கல்லின் பின்புறம், கரை அரித்த இடம், வேகமான நீரும் மெதுவான நீரும் சந்திக்கும் ஓரம் ஆகியவற்றில் ஒதுங்கி நின்று, ஓடி வரும் இரையைக் கவ்வும். ஆகவே நாம் மீனின் பின்பக்கமாக, அதாவது ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாக அணுகி, தூண்டிலை மேற்பக்கமாக எறிய வேண்டும். நமது நிழல் நீரில் விழக்கூடாது.

மூன்று வகையான இரைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, மண்புழு அல்லது மீன் முட்டை. இதனை மிதப்பின் கீழே கட்டி நீரோடு ஓடவிடுவர். இரண்டாவது, இழுக்கும்போது சுழன்று மினுங்கும் சிறிய உலோகத் தகடு. மூன்றாவது, இறகும் நூலும் கொண்டு பூச்சியைப் போலக் கட்டிய ‘ஈ’. இந்த ஈக்குப் பாரமே இல்லை. ஆகையால் இங்கே ஈயம் எறிவதில்லை. தடித்த, பாரமான நூலே சாட்டையைப் போல விரிந்து ஈயைக் கொண்டு செல்கின்றது. ஈ நீர்மேல் விழுந்தபின் இயற்கையான பூச்சியைப் போலவே மிதந்து வர வேண்டும். நூல் அதனை இழுத்தால் மீன் உடனே ஐயுறும்.

ட்றவுட்டுக்கு 2 முதல் 4 கிலோ வரை பாரம் தாங்கும் மெல்லிய தங்கூசி போதுமானது. தெளிந்த நீரில் தடித்த தங்கூசியை மீன் கண்டுகொள்ளும்.

3. ட்றோலிங் என்பது என்ன?

பெரிய ஏரியிலும் கடலிலும் மீன் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே நாமே தூண்டிலுடன் அதனைத் தேடிச் செல்ல வேண்டும். ஓடும் தோணியின் பின்னே இரையை இழுத்துச் செல்லும் இந்த முறைக்கே ட்றோலிங் என்று பெயர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நமது வட கடலில் கடற்றொழிலாளரின் வலைகளை அறுத்து, கடலடியை வழித்துச் செல்லும் இழுவைமடித் தொழிலை ஆங்கிலத்தில் ட்றோலிங் என்றே நம்மவர் உச்சரிப்பதுண்டு. இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது அந்தத் தொழில். நாம் இங்கே பேசுவது வேறு. இதில் வலை இல்லை. ஒரு நூலும் ஒரு முள்ளும் மட்டுமே. ஒன்று கடலடியையே வாரி எடுக்கின்றது, மற்றது ஒரு மீனை மட்டும் எடுக்கின்றது.

இதற்கு மோட்டர் கட்டாயம் வேண்டும் என்பதில்லை. கனடாவின் வன்கூவர் தீவிலுள்ள கம்பெல் றிவர் என்னும் ஊரில், 1924இல் தொடங்கிய டைய் கழகம் இன்றும் ஒரு விதியைக் காத்து வருகின்றது. மோட்டர் இயங்காத, துடுப்பு வலிக்கும் படகில் இருந்தே மீன் பிடிக்க வேண்டும். நூல் 20 இறாத்தலுக்கு மேல் தாங்கக் கூடாது. எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளையே பயன்படுத்த வேண்டும். இவ்வாறு 30 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட சினூக் மீனைப் பிடித்தவரே உறுப்பினர் ஆகலாம்.

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் முதலிய மக்கள் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலைத் தைத்துச் செய்த ஒடுங்கிய வேட்டைத் தோணி. இன்று அதனைப் பிளாஸ்ரிக்கில் வார்க்கின்றனர். மீன்பிடிக்கு, உள்ளே கால் நுழைத்து அமரும் வகையிலும், மேலே அமரும் அகலமான வகையே நல்லது. அதில் நீர் தானாகவே வடியும். விழுந்தால் மீண்டும் ஏறுவதும் சுலபம்.

4. கருவிகள்

தடியும் றீலும்: சமனுக்கு 8 முதல் 10 கிலோ வரை தாங்கும் தங்கூசி, வளைந்து கொடுக்கும் தடி, நூலைச் சீராக விட்டுக்கொடுக்கும் றீல் என்பன தேவை. றீலின் பிடியை நூல் தாங்கும் பாரத்தின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால், மீன் பாயும்போது நூல் அறும்.

கரண்டி: இது கைப்பிடி இல்லாத கரண்டியைப் போன்ற உலோகத் தகடு. இழுக்கும்போது காயம்பட்ட சிறுமீனைப் போல ஆடும். அமெரிக்கரான ஜூலியோ பியூல் என்பவர் 1852இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மீன் வடிவில் மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ செய்த இரைகளும் உண்டு.

மினுங்கு பலகை: இரைக்குச் சில அடி முன்னால் கட்டும் பளபளப்பான தகடு. சில சுழலும், சில பக்கத்துக்குப் பக்கம் ஆடும். தூரத்திலுள்ள மீனின் கண்ணை அது இழுக்கும். ஆனால் கயாக்குக்கு அது பாரம். சிறியதையே தெரிய வேண்டும்.

ஆழத்துக்குக் கொண்டு செல்பவை: ட்றோலிங்கில் வெற்றியும் தோல்வியும் ஆழத்தில்தான் உள்ளது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் பிரிந்து நிற்கும். அவை சந்திக்கும் மட்டத்தை ஒட்டியே சமன் திரியும். அந்த ஆழத்துக்கு இரையை இறக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நூலில் ஈயம் கட்டுவது அல்லது நீரை வெட்டிக் கீழே இறங்கும் சிறிய தட்டைக் கட்டுவது. இரண்டாவது, நடுவே ஈயம் ஓடும் நூல். இதன் நிறம் 10 யாருக்கு ஒருமுறை மாறும். மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி இறங்கும் என்று கணக்கிடலாம். மூன்றாவது, கம்பியில் தொங்கும் பாரமான குண்டு. அதில் நூலைக் கவ்வியால் மாட்டி இறக்குவர். மீன் கடித்ததும் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். புதிதாகக் கற்பவர் முதல் வழியோடு தொடங்குவது நல்லது.

5. கயாக்கில் ட்றோலிங்: படிப்படியாக

(அ) தடி தாங்கியை உங்களுக்கு முன்பக்கமாகப் பொருத்துங்கள். தடியின் நுனி கண்ணுக்குத் தெரிய வேண்டும், துடுப்பிலும் தட்டக்கூடாது.

(ஆ) இரையை முதலில் தோணியின் பக்கத்திலேயே இழுத்துப் பாருங்கள். அது சரியாக ஆடினால் மட்டும் நூலை விடுங்கள். கயாக் சத்தமில்லாதது, மோட்டர் படகைப் போல வெகுதூரம் விடத் தேவையில்லை. 20 முதல் 30 மீற்றர் வரை போதும்.

(இ) மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4 கிலோமீற்றர் வரை வேகம் ட்றவுட்டுக்கு ஏற்றது. சமனுக்குச் சற்றுக் கூடலாம். இது ஆறுதலாகத் துடுப்பு வலிக்கும் வேகமே. தடி நுனி ஒரே சீராக நடுங்கினால் இரை வேலை செய்கின்றது என்று அறியலாம். நடுக்கம் நின்றால் சாதாளை மாட்டியிருக்கும்.

(ஈ) நேராகவே போகாதீர்கள். பாம்பு ஊர்வது போல வளைந்து செல்லுங்கள். வளையும்போது வெளிப்பக்க இரை வேகம் கூடி மேலெழும். உட்பக்க இரை வேகம் குறைந்து தாழும். எந்தப் பக்கத்தில் மீன் கடிக்கின்றதோ அதுவே அன்றைய வேகத்தையும் ஆழத்தையும் சொல்லித் தரும்.

(உ) மீன் கடித்ததும் துடுப்பை உடனே விடாதீர்கள். இரண்டு மூன்று முறை வலித்து நூலை இறுக்கமாக வைத்தபின் தடியை எடுங்கள். தடியை முன்பக்கமாகவே பிடியுங்கள். பெரிய மீன் பக்கவாட்டில் இழுத்தால் தோணி கவிழும். மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும். போகட்டும். அது களைத்த பின் கைவலையால் எடுங்கள்.

(ஊ) நங்கூரத்தை ஒருபோதும் தோணியின் பக்கத்திற் கட்ட வேண்டாம். முன்னால் அல்லது பின்னால் மட்டுமே கட்ட வேண்டும்.

6. குளிர்நீர்: இந்தப் பாடத்தின் முக்கிய பகுதி

ஒன்ராறியோ ஏரியில் இளவேனிற் காலத்தில், ஏப்ரல், மே மாதங்களில், கரையோர நீர் முதலிற் சூடாகத் தொடங்கும். அப்போது பழுப்பு ட்றவுட் கரைக்கு அருகே வரும். சிறிய தோணிக்கு அதுவே மிக நல்ல காலம். ஆனால் அதே காலத்தில் நீர் 10 பாகைக்கும் குறைவாக இருக்கும். வெயில் எறிக்கும்; நீரோ கொல்லும்.

நாம் சில காலம் ரொறன்ரோவில் தங்கியிருந்தபோது, வன்னியிலிருந்து சென்று குடியேறிய ஒரு விவசாயியைச் சந்தித்தோம். சிறுவயதிலேயே குளத்தை நீந்திக் கடந்தவர். மே மாதத்தில் ஒருநாள், மெல்லிய சட்டையோடு கயாக்கிற் சென்றவர் மீனை எடுக்கச் சரிந்தபோது கவிழ்ந்துவிட்டார். கரை நூறு மீற்றர் தூரங்கூட இல்லை. மனைவியின் வற்புறுத்தலால் மிதவை அங்கியை மட்டும் அணிந்திருந்தார். பக்கத்திற் சென்ற வேறொரு கயாக்காரர் அவரை இழுத்து வந்து கரை சேர்த்தார். பின்பு அவர் நம்மிடம் சொன்னது இதுதான்: “நீச்சல் தெரியும் எண்ட துணிவிலதான் போனனான், பாதர். விழுந்த உடன மூச்சு எடுக்கேலாமப் போச்சு. பிறகு கையும் காலும் நான் சொன்ன சொல் கேக்கேல்லை. அது எங்கட குளத்துத் தண்ணியில்லை.”

அவர் சொன்னதையே கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ட் ஆராய்ந்து, 1 – 10 – 1 என்ற எளிய கணக்காகத் தந்துள்ளார். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கித் திணறும்; அப்போது நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்கப் பார்க்க வேண்டும். அடுத்த 10 நிமிடந்தான் கை கால்கள் பயன்படும். அதற்குள் தோணியில் ஏற வேண்டும் அல்லது உதவி கேட்க வேண்டும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணித்தியாலம் ஆகும். ஆனால் மிதவை அங்கி இல்லாதவர் அந்த மணித்தியாலத்தைக் காணமாட்டார். கை கால் ஓய்ந்ததும் மூழ்கிவிடுவார்.

ஆகவே கனடாவிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கு எழுதும்போதும் பேசும்போதும் இவற்றைச் சொல்லுங்கள்:
– மிதவை அங்கியைத் தோணியில் வைத்தாற் போதாது, உடலில் அணிய வேண்டும்.
– காற்றின் வெப்பத்துக்கு அல்ல, நீரின் குளிருக்கு ஏற்ற, நீர் புகாத உடுப்பு வேண்டும்.
– கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுவதைக் கோடையில், ஆழமற்ற இடத்திற் பழக வேண்டும்.
– விசிலும், நீர் புகாத உறையில் தொலைபேசியும் உடலோடு இருக்க வேண்டும்.
– எங்கே போகின்றோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிற் சொல்லிப் போக வேண்டும்.

7. சட்டமும் சாப்பாடும்

நமது குளத்தில் தூண்டில் போட எவரும் அனுமதிப் பத்திரம் கேட்டதில்லை. அங்கு அப்படியல்ல. ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதி பெற வேண்டும். எந்த மீனை, எந்தக் காலத்தில், எந்த இடத்தில், எத்தனை பிடிக்கலாம் என்று விதிகள் உண்டு. முட்டை இட ஆறேறும் சமன்கள் ஆழமற்ற இடத்தில் நெருங்கி நிற்கும்போது, வெறும் முள்ளை வீசி உடலில் கொளுவி இழுக்கும் ஆசை வரும். அது குற்றம். முட்டை இட வந்த தாயைக் கொல்வது அடுத்த போகத்து விதைநெல்லை அவித்து உண்பதற்குச் சமம்.

திரும்ப விட வேண்டிய மீனை நனைந்த கையாற் பிடியுங்கள். நீரைவிட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். அது தானாக நீந்தும்வரை நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள்.

இன்னொன்று: பேரேரிகளின் பெரிய, வயதான மீன்களின் கொழுப்பில் பழைய கைத்தொழிற்சாலை இரசாயனங்கள் சேர்ந்துள்ளன. எந்த நீர்நிலையின் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி வெளியிடுகின்றது. சிறுவருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அளவு இன்னும் குறைவு. தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைப்பது நன்று.

8. மீன் போனதும் வந்ததும்

ஒன்ராறியோ ஏரியில் ஒரு காலத்தில் அத்திலாந்திக் சமன் நிறைந்திருந்தது. குடியேறியவர்கள் ஆலைகளுக்காக ஓடைகளை மறித்தனர். கரையோரக் காட்டை வெட்டினர். நிழல் போனதால் நீர் சூடேறியது, மண் கரைந்து பரற்கற்களை மூடியது. அளவின்றியும் பிடித்தனர். 1866இல் சாமுவேல் வில்மொட் என்பவர் நியூகாசில் என்ற ஊரிலே குஞ்சு பொரிக்கும் நிலையம் தொடங்கியும் மீனைக் காப்பாற்ற முடியவில்லை. 1898 அளவில் அந்த இனம் ஏரியிலிருந்து அற்றுப் போனது. திரும்புவதற்கு ஆறு இல்லாத மீனுக்குக் குஞ்சுகளை மட்டும் கொடுத்துப் பயனில்லை. இன்று அங்கே பிடிபடும் சினூக், 1960களின் இறுதியிலிருந்து பசுபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீனின் வழிவந்தது. பழைய அத்திலாந்திக் சமனை மீண்டும் குடியேற்றும் பெரு முயற்சி ஒன்று 2006இல் தொடங்கியது. இம்முறை குஞ்சு விடுவதோடு ஓடைக்கரைகளில் மரம் நடுவதும் சேர்ந்தது.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்ற ஆறு உண்டு. 1913இலும் 1927இலும் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகள், மீன் ஏற வழியின்றி அதனை அடைத்தன. ஆற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடி மக்கள் தங்கள் மீனையும், தங்கள் தோற்றத்தோடு தொடர்புடைய புனித இடத்தையும் இழந்தனர். பல பத்தாண்டுகள் அவர்கள் விடாது கேட்டனர். 2011 முதல் 2014 வரை அணைகள் அகற்றப்பட்டன. நீர் வடிந்தபோது அந்தப் புனித இடம் வெளியே தெரிந்தது. சமன் மேலாற்றுக்கு ஏறியது. மீன் பெருக வேண்டும் என்று மக்கள் மேலும் காத்திருந்து, 2023இலேயே தங்கள் உணவுக்காக அளவோடு மீண்டும் தூண்டில் போட்டனர்.

வழி திறந்தவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு தன் மணலையும் கரையையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மக்களும் பசியோடு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. காடு மூடிய வயலுக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் திரும்பிச் சென்றவர்களுக்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது ஊர்க் குளத்தில் முன்பு இருந்து இப்போது காணாமற்போன மீன்கள் எவை? காரணம் என்ன?
2. குளத்தின் மேற்பக்கக் காட்டை வெட்டுவதற்கும் குளம் தூர்வதற்கும் உள்ள தொடர்பை உங்கள் அனுபவத்திலிருந்து கூறுங்கள்.
3. மீன் முட்டை இடும் மாதங்களில் வலை போடாதிருக்க ஊராக ஓர் ஒழுங்கு செய்ய முடியுமா? யார் அதனைக் கண்காணிப்பது?
4. வெளிநாட்டிலுள்ள உறவினருடன் அடுத்த முறை பேசும்போது 1 – 10 – 1 கணக்கை யார் யாருக்குச் சொல்வீர்கள்?